திரும்பி வந்த சிப்பாய்க்கு ஒரு நாள்

நவம்பர் 11-ந் தேதி அமெரிக்காவில் விடுமுறை. அந்த நாளின் பின்னால் இருக்கும் கண்ணீர்க் கதை

மணி 10-59. இன்னும் ஒரே நிமிடம். பிறகு யுத்தம் இல்லை!

1918-ம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ந் தேதி. பிரான்சு நாட்டில் ஒரு சிற்றூர். எங்கும் பனிமூட்டம். எதிரே ஜெர்மானியர் இரண்டு எந்திரத் துப்பாக்கிகளை நிறுத்திக் காத்திருந்தனர். அவர்களுக்கும் விஷயம் தெரியும். 11 மணிக்குச் சண்டை நிற்கப்போகிறது. அதுவரை பொழுதைப் போக்கினால் போதும். உயிரோடு ஊர் போய்ச் சேரலாம்.

அப்போது பனிமூட்டத்திலிருந்து ஓர் அமெரிக்கச் சிப்பாய் துப்பாக்கியில் ஈட்டியைச் செருகிக்கொண்டு ஓடி வந்தான். ஜெர்மானியர் திடுக்கிட்டனர். "வராதே, திரும்பிப் போ!" என்று கையை ஆட்டிக் கத்தினர். அவன் நிற்கவில்லை. வேறு வழியின்றிச் சுட்டனர். சிப்பாய் சாய்ந்தான்.

அவன் பெயர் ஹென்றி குந்தர். வயது 23. பால்டிமோர் நகரத்தில் பாங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். அவனுடைய குடும்பமே ஜெர்மன் வழி வந்த குடும்பம். பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்தான். போர்முனைக் கஷ்டங்களைப் பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதினான். மேலதிகாரிகள் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டார்கள். பதவி பறிபோயிற்று. அந்த அவமானத்தைத் துடைக்கவே கடைசி நிமிடத்தில் பாய்ந்தான் என்று உடன் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அந்த யுத்தத்தில் மாண்ட கடைசி அமெரிக்கன் அவன்தான். செத்த பிறகு சார்ஜெண்டு பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்!

இத்தனைக்கும் யுத்தத்தை நிறுத்தும் உடன்படிக்கையில் அன்று விடியற்காலை 5 மணி சுமாருக்கே கையெழுத்தாகிவிட்டது. பிரான்சில் கொம்பியேன் என்ற காட்டில், ஒரு ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அமுலுக்கு வருவது 11 மணிக்கு. 11-வது மாதம், 11-வது நாள், 11-வது மணி. எழுதிப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் கடைசி நாளில் இரு பக்கத்திலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த 11-ந் தேதிதான் இன்று அமெரிக்காவில் "வெட்டரன்ஸ் டே" என்ற தேசிய விடுமுறை. முன்னாள் போர்வீரர் தினம் என்று நாம் சொல்லலாம்.

செத்தவருக்கு ஒரு நாள், இருப்பவருக்கு ஒரு நாள்

ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் சிப்பாய்களுக்காக இரண்டு நாட்கள் உண்டு. மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை ஒன்று. அது போரில் உயிர் துறந்தவர்களுக்கு. அன்று கல்லறைகளில் சிறு கொடிகளை நட்டு, பூ வைப்பார்கள். நவம்பர் 11 அப்படியல்ல. பட்டாளத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது சொந்தம். முக்கியமாக, உயிரோடு இருப்பவர்களுக்கு. கையை இழந்தவர், காலை இழந்தவர், ஒரு கீறலும் படாமல் வந்தவர், போர்முனையையே பார்க்காமல் கிடங்கில் மூட்டை எண்ணியவர் எல்லோரும் இதில் அடக்கம்.

செத்த வீரனைக் கொண்டாடுவது எந்த நாட்டுக்கும் சுலபம். அவன் சம்பளம் கேட்க மாட்டான். வைத்தியச் செலவு கேட்க மாட்டான். வேலை கேட்டு வாசலில் நிற்க மாட்டான். திரும்பி வந்த வீரன் விஷயம் வேறு. அமெரிக்காவும் இதைப் பல தடவை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது.

ஆரம்பத்தில் இந்த நாளுக்குப் பெயர் "ஆர்மிஸ்டிஸ் டே". போர் நிறுத்த நாள் என்று அர்த்தம். 1919-ம் ஆண்டு ஜனாதிபதி வில்சன் அதை முதன்முதலில் அறிவித்தார். 1938-ம் ஆண்டில் சட்டப்படி விடுமுறை ஆயிற்று. உலக சமாதானத்துக்காக இந்த நாளை அர்ப்பணிப்பதாக அந்தச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அடுத்த ஆண்டே இரண்டாவது உலக யுத்தம் மூண்டது!

பெயர் தெரியாத பிள்ளை

1921-ம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி ஜனங்களின் மனதை உருக்கிவிட்டது.

பிரான்சில் புதைக்கப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் எத்தனையோ பேர் யார் என்றே தெரியவில்லை. குண்டு சிதைத்த உடலில் அடையாளம் எங்கே இருக்கும்? அப்படிப்பட்ட நான்கு பேரின் உடல்களை நான்கு கல்லறைத் தோட்டங்களிலிருந்து எடுத்தார்கள். ஷாலோன் என்ற ஊரில் நகர மண்டபத்தில் நான்கு சவப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். எட்வர்டு யங்கர் என்ற சார்ஜெண்டைக் கூப்பிட்டுக் கையில் வெள்ளை ரோஜாக்களைக் கொடுத்தார்கள். "இவற்றை ஏதாவது ஒரு பெட்டியின் மேல் வை" என்றார்கள். யங்கரும் சாமானியரல்ல. இரண்டு தடவை காயம்பட்டவர். அவர் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒன்றின் முன்னே நின்று ரோஜாக்களை வைத்தார்.

அந்தப் பெட்டி கப்பலேறி அமெரிக்கா வந்தது. நவம்பர் 11-ந் தேதி தலைநகர் வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் ஜனாதிபதி ஹார்டிங் முன்னிலையில் அடக்கம் செய்தார்கள். பிரான்சு நாட்டு மண்ணைக் குழியில் பரப்பி, அதன் மேல் பெட்டியை இறக்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்து, உடலைக்கூடப் பார்க்காத தாய்மார்கள் எத்தனையோ பேர். உள்ளே கிடப்பது ஒருவேளை என் மகனாக இருக்கலாம் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொள்ள அங்கே ஓர் இடம் கிடைத்தது.

அன்று அங்கே வந்தவர்களில் ஒருவர் பிளெண்டி கூ. அமெரிக்காவின் பூர்வகுடிகளான குரோ மக்களின் தலைவர். தன் இறகுத் தலைப்பாகையைக் கழற்றிக் கல்லறை மேல் வைத்தார். இதில் ஒரு விசித்திரம். அந்த யுத்தத்தில் பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கில் போய்ச் சண்டை போட்டார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு அப்போது அமெரிக்கக் குடியுரிமையே கிடையாது. எல்லோருக்கும் அது கிடைத்தது 1924-ல்தான்.

1937-ம் ஆண்டு முதல் இரவும் பகலும் அந்தக் கல்லறைக்குக் காவல் உண்டு. மழையானாலும் பனியானாலும் காவலர் அகலமாட்டார். 21 அடி நடப்பார். திரும்பி 21 விநாடி நிற்பார். மறுபடி 21 அடி. உச்ச மரியாதையாகச் சுடும் 21 பீரங்கி வேட்டுகளைக் குறிக்கும் கணக்கு அது.

பணம் கேட்டவர்களுக்குக் கண்ணீர்ப்புகை

பெயர் தெரியாத சிப்பாய்க்கு இத்தனை மரியாதை. பெயர் தெரிந்தவர்களுக்கு என்ன நடந்தது?

முதல் யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போனவர்களுக்கு அற்பச் சம்பளம். ஊரில் தங்கித் தொழிற்சாலைக்குப் போனவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்க 1924-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டில் இருந்த நாள் ஒன்றுக்கு 1 டாலர் 25 சென்ட். உள்நாட்டில் இருந்த நாளுக்கு 1 டாலர். சட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 50 டாலருக்கு மேற்பட்ட தொகைக்குப் பணம் கிடையாது, பத்திரம்தான். அந்தப் பத்திரத்தைக் காட்டிப் பணம் வாங்க வேண்டிய ஆண்டு எது தெரியுமா? 1945!

நடுவில் 1929-ல் பொருளாதார வீழ்ச்சி வந்தது. பாங்கிகள் மூடின. ஆலைகள் மூடின. லட்சக்கணக்கானவர்கள் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். முன்னாள் சிப்பாய்கள் கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். "1945 வரை யார் இருக்கப்போகிறோம்? இப்போதே கொடுங்கள்" என்று கேட்டார்கள்.

1932-ம் ஆண்டு கோடையில் அவர்கள் வாஷிங்டனுக்குப் புறப்பட்டார்கள். சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். லாரிகளில் வந்தார்கள். நடந்தும் வந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தவர்களும் உண்டு. சுமார் 20 ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். அனகாஸ்டியா என்ற ஆற்றங்கரையில் பழைய பலகையையும் தகரத்தையும் வைத்துக் குடிசை போட்டார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே முகாமில் இருந்தார்கள். அன்றைய பட்டாளத்தில்கூட அது இல்லை.

கீழ்ச்சபை பணம் கொடுக்கச் சம்மதித்தது. மேல்சபை மறுத்துவிட்டது. சிலர் ஊர் திரும்பினார்கள். போக இடமில்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

ஜூலை 28-ந் தேதி போலீசார் அவர்களை வெளியேற்ற வந்தார்கள். கைகலப்பு மூண்டது. போலீசார் சுட்டதில் இரண்டு முன்னாள் சிப்பாய்கள் விழுந்தார்கள். உடனே ஜனாதிபதி ஹூவர் ராணுவத்தைக் கூப்பிட்டார். தளபதி மக்கார்தர் நேரில் வந்தார். குதிரைப் படை வந்தது. டாங்கிகள் வந்தன. கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினார்கள். ஆற்றைக் கடக்க வேண்டாமென்று ஹூவர் சொல்லியனுப்பியதாகவும், மக்கார்தர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அன்றிரவு குடிசைகள் பற்றி எரிந்தன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் இருட்டில் ஓடினார்கள்.

குதிரைப் படையில் வந்த அதிகாரிகளில் ஒருவர் பாட்டன். பிற்காலத்தில் பெரிய தளபதியாகப் புகழ் பெற்றவர். முதல் யுத்தத்தில் குண்டடி பட்டுக் கிடந்த அவரை உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய சிப்பாய் ஜோ ஏஞ்சலோ. அந்த ஏஞ்சலோவும் பத்திரத்தோடு வந்த கூட்டத்தில் இருந்தார். பாட்டனைப் பார்க்க வந்தார். பாட்டன் அவரை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்.

மக்கார்தருக்கு உதவியாளராக அன்று உடன் வந்தவர் ஒரு மேஜர். இந்த வேலைக்குத் தளபதி நேரில் போகவேண்டாம் என்று அவர் தடுத்துப் பார்த்தாராம். அவர் பெயர் ஐசன்ஹோவர். அந்தப் பெயரை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறார்.

அடுத்த ஆண்டு மறுபடியும் சிப்பாய்கள் வந்தார்கள். அப்போது ஜனாதிபதி ரூஸ்வெல்ட். அவரும் பணம் கொடுக்க இஷ்டப்படவில்லை. ஆனால் அவர்களுக்குச் சாப்பாடும் கூடாரமும் கொடுத்தார். அவருடைய மனைவி எலியனார் முகாமுக்கே போய், சேற்றில் நடந்து, அவர்களோடு பேசிவிட்டு வந்தார். "ஹூவர் பட்டாளத்தை அனுப்பினார்; ரூஸ்வெல்ட் சம்சாரத்தை அனுப்பினார்" என்று ஒரு பேச்சு நாடெங்கும் பரவியது. கடைசியில் 1936-ல்தான் பணம் வந்தது. அதுவும் ரூஸ்வெல்ட் மறுத்து, அவர் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் சபை நிறைவேற்றியது.

ஓட்டல் காகிதத்தில் எழுதிய சட்டம்

இரண்டாவது யுத்தத்தில் 1 கோடியே 60 லட்சம் அமெரிக்கர்கள் படையில் இருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஊர் திரும்பினால்? மறுபடியும் ஆற்றங்கரையில் குடிசையா? ஆட்சியாளர்களுக்குப் பயம் வந்தது. அந்தப் பயமும் ஒரு வகையில் நல்லதாயிற்று.

முன்னாள் சிப்பாய்களின் சங்கத்தைச் சேர்ந்த ஹாரி கால்மெரி என்ற வக்கீல், வாஷிங்டனில் ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து, ஓட்டல் காகிதத்திலேயே ஒரு திட்டம் எழுதினார். 1944-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி அது சட்டமாயிற்று. "ஜி.ஐ. சட்டம்" என்று பெயர். ஜி.ஐ. என்றால் சாதாரணச் சிப்பாய்.

அதில் என்ன இருந்தது? படிக்க விரும்பினால் ஆண்டுக்கு 500 டாலர் வரை சர்க்காரே கல்லூரிக்குக் கட்டும். கைச்செலவுக்கு மாதம் 50 டாலர். குடும்பஸ்தனானால் 75. வேலை கிடைக்கும்வரை வாரம் 20 டாலர், ஓராண்டுக்கு மிகாமல். வீடு வாங்கக் கடனுக்குச் சர்க்கார் ஜாமீன்.

இவர்கள் எங்கே படிக்கப்போகிறார்கள் என்று சில பெரிய பல்கலைக்கழகத் தலைவர்களே முகத்தைச் சுளித்தார்கள். நடந்தது வேறு. 78 லட்சம் பேர் இந்தச் சட்டத்தின் மூலம் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். 1947-ல் கல்லூரிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் சிப்பாய்கள். இடம் போதாமல் பட்டாளத்துத் தகரக் கொட்டகைகளைக் கொண்டுவந்து போட்டு வகுப்பு நடத்தினார்கள். குடியானவன் மகன் என்ஜினீயர் ஆனான். சுரங்கத் தொழிலாளி மகன் வாத்தியார் ஆனான். அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்கள் பெருகியதற்கு இந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம் என்று சொல்லாத சரித்திர ஆசிரியர் இல்லை.

கண்ணை இழந்த சார்ஜெண்டு

ஆனால் அந்தச் சட்டத்தின் வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. கறுப்பர்களுக்குத் தென் மாகாணங்களில் பாங்கிக் கடன் கிடைக்கவில்லை. மிசிசிப்பி மாகாண நகரங்களில் 1947-ல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, சர்க்கார் ஜாமீன் நின்ற 3,229 கடன்களில் கறுப்பர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு.

ஐசக் உட்வார்டு என்ற கறுப்புச் சார்ஜெண்டின் கதையைக் கேளுங்கள். பசிபிக் யுத்தத்தில் வேலை செய்து பதக்கம் வாங்கியவர். 1946-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பட்டாளத்திலிருந்து விடுதலையாகி, சீருடை கலையாமல் பஸ்ஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் சிறுநீர் கழிக்க இறங்கவேண்டும் என்றார். டிரைவருக்கும் அவருக்கும் வாக்குவாதம். தென் கரோலினா மாகாணத்தில் பேட்ஸ்பர்க் என்ற ஊர் வந்ததும் டிரைவர் போலீசைக் கூப்பிட்டார். ஊர்ப் போலீஸ் தலைவர் தடியால் உட்வார்டின் கண்களில் இடித்தார். இரண்டு கண்ணும் போயின. போருக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியவர், சொந்த நாட்டில் குருடரானார்.

வழக்கு நடந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அரை மணி நேரத்தில் அந்தப் போலீஸ் தலைவரை விடுதலை செய்துவிட்டது.

இந்தச் செய்தி ஜனாதிபதி ட்ரூமனின் காதுக்கு வந்தது. முதல் உலக யுத்தத்தில் பீரங்கிப் படையில் காப்டனாக இருந்தவர் ட்ரூமன். 1918 நவம்பர் 11 அன்று காலை 10-45 வரை அவருடைய பீரங்கிகள் முழங்கின. சிப்பாய் என்றால் யார் என்று அவருக்குத் தெரியும். 1948-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி, ராணுவத்தில் நிறபேதம் கூடாதென்று உத்தரவு போட்டார். அதற்குக் காரணமானவற்றில் உட்வார்டின் கண்களும் உண்டு.

செருப்புக் கடைக்காரர் செய்த வேலை

இப்போது விடுமுறைக்கு வருவோம். 1945-க்குப் பிறகும் நவம்பர் 11 முதல் யுத்தத்துச் சிப்பாய்க்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. இரண்டாவது யுத்தத்தில் போனவனுக்கு நாள் இல்லை. கொரியாவுக்குப் போனவனுக்கும் இல்லை.

இது சரியல்ல என்று நினைத்தவர்கள் மந்திரிகளும் அல்ல, தளபதிகளும் அல்ல. ஒருவர் அலபாமா மாகாணத்தில் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த ரேமண்டு வீக்ஸ். கடற்படையில் இருந்தவர். 1947-லேயே தம் ஊரில் எல்லாச் சிப்பாய்களுக்குமாக ஊர்வலம் நடத்திவிட்டார். 1982-ல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்துப் பாராட்டினார்.

மற்றொருவர் ஆல்வின் கிங். கான்சாஸ் மாகாணத்தில் எம்போரியா என்ற சிறு ஊர். அங்கே செருப்புப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் வளர்த்த பிள்ளை, உறவு முறையில் மருமகன், ஜான் கூப்பர், 1944-ம் ஆண்டு டிசம்பரில் பெல்ஜியத்துப் போர்முனையில் மாண்டுபோனான். நவம்பர் 11 வரும்போதெல்லாம் கிங்கின் மனம் வேகும். நம் பிள்ளை போனது இந்தக் கணக்கில் சேராதா?

ஊரார் ஒத்துழைத்தார்கள். 1953-ம் ஆண்டு நவம்பர் 11 அன்று எம்போரியாவில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கடைகளும் பெரும்பாலும் அடைத்திருந்தன. எல்லா யுத்தத்துச் சிப்பாய்களையும் ஒன்றாக வைத்துக் கொண்டாடினார்கள். அந்த ஊர்க்காரரான எட்வர்டு ரீஸ் காங்கிரஸ் சபையில் மெம்பர். அவர் மசோதா கொண்டுவந்தார். மசோதா மிகச் சிறியது. 1938-ம் ஆண்டுச் சட்டத்தில் "ஆர்மிஸ்டிஸ்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "வெட்டரன்ஸ்" என்ற சொல்லைப் போட வேண்டும். அவ்வளவுதான்.

1954-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி ஜனாதிபதி அதில் கையெழுத்துப் போட்டார். அந்த ஜனாதிபதி யார்? 22 ஆண்டுகளுக்கு முன் எரிகிற குடிசைகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே மேஜர், ஐசன்ஹோவர். அவரும் கான்சாசில் வளர்ந்தவர்தான்.

தேதியை மாற்றினார்கள், ஜனங்கள் மாறவில்லை

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. விடுமுறைகள் திங்கட்கிழமையில் வந்தால் சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் கிடைக்கும். ஜனங்கள் ஊர் சுற்றுவார்கள். வியாபாரம் நடக்கும் என்று 1968-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 1971 முதல் இந்த நாளும் அக்டோபர் மாதத்தின் நாலாவது திங்கட்கிழமைக்குப் போயிற்று.

கிழட்டுச் சிப்பாய்களுக்குக் கோபம் வந்துவிட்டது. 11-ந் தேதிக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஏதோ ஒரு திங்கட்கிழமைக்கு என்ன அர்த்தம்? மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பழைய தேதிக்கே திரும்பின. தபாலாபீசுக்கு ஒரு நாள் விடுமுறை, மாகாணக் கச்சேரிக்கு வேறு நாள். ஒரே குழப்பம். 1975-ல் ஜனாதிபதி போர்டு புதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1978 முதல் மறுபடி நவம்பர் 11. சந்தை வியாபாரத்துக்காக நல்ல நாளை மாற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அவர்கள் தோற்றார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

நம் ஊர்ப் பக்கத்துக் கருங்கல்

வியட்நாம் யுத்தம் அமெரிக்காவை இரண்டாகப் பிளந்தது. அதிலிருந்து திரும்பியவர்களுக்கு ஊர்வலம் இல்லை, வாத்தியம் இல்லை. பலர் தாங்கள் சிப்பாயாக இருந்ததையே வெளியே சொல்லவில்லை. யுத்தத்தின் மேல் ஜனங்களுக்கு இருந்த வெறுப்பு, அதற்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் மேல் விழுந்தது.

காயம்பட்டுத் திரும்பிய ஜான் ஸ்கிரக்ஸ் என்பவர் சர்க்காரிடம் காசு வாங்காமல், ஜனங்களிடம் நன்கொடை வசூலித்து ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப் புறப்பட்டார். வடிவம் கேட்டுப் போட்டி வைத்தார்கள். 1,421 பேர் அனுப்பினார்கள். தேர்வானது மாயா லின் என்ற 21 வயது மாணவி அனுப்பியது. சீன வம்சாவழிப் பெண். குதிரை மேல் தளபதி இல்லை. வாளை உயர்த்திய வீரன் இல்லை. தரைக்குள் இறங்கும் கறுப்புச் சுவர். அதில் பெயர்கள், பெயர்கள், பெயர்கள். 58 ஆயிரத்துக்கு மேல்.

முதலில் பலர் திட்டினார்கள். 1982-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி திறந்ததும் வாய் அடைத்துப்போனது. கல் கண்ணாடி போல் பளபளக்கும். பெயரைத் தேடுகிறவரின் முகம் அந்தப் பெயரோடு சேர்ந்து தெரியும். தாய்மார்கள் பெயரைத் தடவிப் பார்க்கிறார்கள். கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். பழைய பூட்சும் பதக்கமும் பொம்மையும் வைக்கிறார்கள். அவற்றைச் சர்க்கார் குப்பையில் போடுவதில்லை, சேகரித்துப் பாதுகாக்கிறது.

அந்தக் கறுப்புக் கல் எங்கிருந்து போனது தெரியுமா? பக்கத்து மாநிலமான கர்நாடகத்திலிருந்து!

ஆர்லிங்டனில் பெயர் தெரியாத வியட்நாம் சிப்பாய் ஒருவரையும் 1984-ல் அடக்கம் செய்தார்கள். பிற்பாடு, அவர் இன்னார்தான் என்று ஒரு குடும்பத்துக்குச் சந்தேகம் வந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, கல்லறையைத் திறந்து எலும்பை எடுத்து, மரபணுச் சோதனை செய்தார்கள். 1972-ல் விமானத்தோடு விழுந்த மைக்கேல் பிளாசி என்ற விமானிதான் என்று நிச்சயமாயிற்று. சொந்த ஊரான செயின்ட் லூயிசுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குழி அப்படியே காலியாக விடப்பட்டது. விஞ்ஞானம் இத்தனை வளர்ந்த பிறகு, பெயர் தெரியாத சிப்பாய் என்று இனி ஒருவர் இருக்கப்போகிறாரா?

இன்றைக்கு

இப்போது நவம்பர் 11 காலை 11 மணிக்கு ஆர்லிங்டனில் மலர் வளையம் வைக்கிறார்கள். பெரும்பாலும் ஜனாதிபதியே வருவார். ஊர் ஊராக ஊர்வலம் நடக்கும். பள்ளிக்கூடங்களில் தாத்தாக்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். ஓட்டல்களில் முன்னாள் சிப்பாய்க்கு இலவசச் சாப்பாடு. பாங்கியும் தபாலாபீசும் மூடியிருக்கும். கடைகளில் தள்ளுபடி வியாபாரம் அமர்க்களப்படும். இதை வைத்து முணுமுணுக்கிறவர்களும் உண்டு.

1973-க்குப் பிறகு அங்கே கட்டாய ராணுவச் சேவை இல்லை. விரும்பியவர்கள்தான் போகிறார்கள். அதனால் இன்று வயது வந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட முன்னாள் சிப்பாய் இல்லை. ஆனாலும் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் மட்டும் சுமார் 20 லட்சம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இவர்கள் பட்ட பாடு தெரியாது. தெருவில் பார்த்தால், "உங்கள் சேவைக்கு நன்றி" என்று கை குலுக்குவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்கு மேல் என்ன பேசுவதென்று இரு பக்கமும் விழிக்கிறது என்று சிப்பாய்களே சொல்கிறார்கள்.

2024-ம் ஆண்டு ஜனவரியில் எடுத்த கணக்குப்படி சுமார் 33 ஆயிரம் முன்னாள் சிப்பாய்களுக்கு வீடு இல்லை. தற்கொலை செய்துகொள்கிறவர்கள் ஆண்டுக்கு 6 ஆயிரத்துக்கு மேல். இந்தக் கணக்குகளை மறைக்காமல் சர்க்காரே அச்சடித்து வெளியிடுகிறது. அதையாவது பாராட்ட வேண்டும். உதவி கேட்டால் பேசுவதற்கு இரவு பகலாகத் தொலைபேசியில் ஆட்களை வைத்திருக்கிறார்கள்.

கடைசிச் சிப்பாய்

1917-ல் பிராங்க் பக்கிள்ஸ் என்ற 16 வயதுப் பையன், வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தான். பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினான். 1936-ல் பணம் வந்தபோது அவருக்கு 800 டாலர் கிடைத்தது. ஒக்லஹோமாவில் வறட்சியில் நொந்து கிடந்த விவசாயித் தகப்பனாரிடம் அதை அப்படியே கொடுத்துவிட்டார். இரண்டாவது யுத்தத்தின்போது கப்பல் வேலையாகப் பிலிப்பைன்சில் இருந்தவரை ஜப்பானியர் பிடித்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வைத்தார்கள். அங்கிருந்தும் மீட்கப்பட்டு வந்து, மேற்கு வர்ஜீனியாவில் விவசாயம் செய்தார். நூறு வயதுக்குப் பிறகும் டிராக்டர் ஓட்டினார்!

முதல் உலக யுத்தத்துக்குப் போன அமெரிக்கர்கள் சுமார் 47 லட்சம். ஒவ்வொருவராக மறைந்து, கடைசியில் இவர் ஒருவர் மிஞ்சினார். தம் தோழர்களுக்கு வாஷிங்டனில் தேசிய நினைவுச் சின்னம் இல்லையே என்று தள்ளாத வயதில் காங்கிரஸ் சபைக்குப் போய்ச் சாட்சி சொன்னார். 2011-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி இறந்தார். வயது 110. ஜனாதிபதி ஒபாமா நேரில் வந்து மரியாதை செலுத்தினார். ஆர்லிங்டனில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் கேட்ட சின்னம் 2021-ல் திறக்கப்பட்டது.